பழைய வேனுக்கு ஏசி வாங்கப் போறீங்களா?

நம்ம ஊரில் கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ மேக்கப் போடும் வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். வண்டியையே வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. அப்படியும் சொல்லிவிட முடியாது. 1982ல் தெலுங்கு தேசம் கட்சியை ஆரம்பித்த என்.டி.ராமாராவ், பழைய செவ்ரோலே வேன் ஒன்றை மாற்றியமைத்து, அதற்கு ‘சைதன்ய ரதம்’ என்று பேர் வைத்து, மாதக்கணக்கில் ஆந்திரா முழுக்க அதிலேயே சுற்றினார். ஓட்டியவர் அவர் மகன் ஹரிகிருஷ்ணா. 1983 ஜனவரியில் ஆட்சியையே பிடித்துவிட்டார்.

ஆட்சியைப் பிடிக்கும் ஆசை எல்லாம் இல்லாத ஒரு சாதாரண ஆளை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். திருப்பரங்குன்றத்துக்காரர், ரிட்டயர்டு ஆனவர். பழைய மெட்டடார் வேன் ஒன்று சல்லிசாகக் கிடைக்கிறது. உள்ளே ரெண்டு பேர் படுக்க ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம். மனைவியை அழைத்துக்கொண்டு அறுபடை வீடும் போய்வர வேண்டும். முதல் படை வீடு வாசலிலேயே இருக்கிறது. மிச்சம் அஞ்சுதான்.

எல்லாம் சரி, படுத்தால் தூக்கம் வர வேண்டுமே? மதுரைச் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதில்லை. கத்திரி பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். குன்றத்துப் பாறை பகலெல்லாம் வாங்கிவைத்த சூட்டை ராத்திரியிலும் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த அடிவாரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு வேன். உள்ளே படுப்பதும் இட்லிக் கொப்பரைக்குள் படுப்பதும் ஒன்றுதான்!

“கூரை மேல ஒரு ஏசியைத் தூக்கி வச்சிட்டா முடிஞ்சுது சார்” என்பார் மெக்கானிக். எத்தனை டன், எந்த கம்பெனி, என்ன விலை என்பதில்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். ஆனால் முதல் கேள்வி அது இல்லை. வண்டி நிற்கும்போது அந்த ஏசிக்கு கரண்ட் எங்கேயிருந்து வரும்? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக முடிவாகிவிடும். தெரியாமல் வாங்கினால் காசும் போகும், சில சமயம் அதைவிடப் பெரியதும் போகும்.

அமெரிக்கப் பெட்டி

கூரையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தட்டையான ஏசிப் பெட்டி அமெரிக்காவில் ரொம்ப சகஜம். அங்கே மோட்டார் ஹோம் கூரையில் காற்றுப் போக்கிக்காக 14 அங்குலச் சதுர ஓட்டை ஒன்று விடுவார்கள். அந்த மூடியைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் ஏசியை உட்கார வைத்துவிடலாம். பெரும்பாலும் 13,500 பி.டி.யு. அல்லது 15,000 பி.டி.யு. நம்ம கணக்கில் 12,000 பி.டி.யு. ஒரு டன். ஆக ஒன்றேகால் டன்னுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஒரு விஷயம். அங்கே கேம்ப் போடும் இடங்களில் வண்டிக்கு வண்டி ஒரு மின் கம்பம் இருக்கும். 30 ஆம்பியர், 50 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டோடு. போனதும் வயரைச் சொருகிவிட்டு ஏசியைப் போட வேண்டியதுதான். அந்தப் பெட்டியே அந்தக் கம்பத்தை நம்பிப் பிறந்தது. திருச்செந்தூர் கோயில் வண்டி நிறுத்துமிடத்தில் போய் “அண்ணே, 30 ஆம்பியர் பாயிண்ட் எங்க இருக்கு?” என்று கேட்டுப் பாருங்க!

இன்னொன்று, அமெரிக்கப் பெட்டி 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்ம வீட்டு கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டைக் குறைத்துவிடலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழையதை வாங்கினால் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

பஸ் ஏசி

மாட்டுத்தாவணியில் நிற்கும் ஆம்னி பஸ்களைப் பார்த்திருப்பீங்க. கூரை மேலே முதுகு மாதிரி புடைத்துக்கொண்டு இருக்குமே, அதுவும் ஏசிதான். ஆனால் அதன் உயிர் கூரையில் இல்லை, கீழே என்ஜினில் இருக்கிறது. கம்ப்ரஸரை என்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுற்றுகிறது. என்ஜின் ஓடினால்தான் குளிரும். டூரிஸ்ட் வேன்களிலும் பெரும்பாலும் இதே முறைதான்.

பகலில் ஓடிக்கொண்டே இருக்கும் வண்டிக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. பேட்டரிக் கவலை இல்லை, ஜெனரேட்டர் கவலை இல்லை. ஆனால் நம்ம ரிட்டயர்டு சாருக்கு ஏசி தேவைப்படுவது ராத்திரி, வண்டி நிற்கும்போது. எட்டு மணி நேரம் என்ஜினைச் சும்மா ஓடவிட்டுத் தூங்குவதா? டீசல் செலவு ஒரு பக்கம், பக்கத்து வண்டிக்காரர் திட்டுவது இன்னொரு பக்கம். பழைய வண்டியின் சைலன்சர் ஓட்டையாக இருந்தால் புகை உள்ளேயே வரும். போதாததற்கு, கிழட்டு என்ஜினுக்கு வண்டியை இழுப்பதே பெரும்பாடு, அதன் தலையில் கம்ப்ரஸரையும் கட்டினால் பழனி போய்ச் சேருவதற்குள் முருகா முருகா என்று இதுவே சொல்ல ஆரம்பித்துவிடும்.

வீட்டு ஏசியும் ஜெனரேட்டரும்

அடுத்த யோசனை இதுதான். வீட்டுக்குப் போடும் ஒரு டன் ஸ்பிளிட் ஏசி, வண்டியின் பின்னால் ஒரு சின்ன ஜெனரேட்டர். வாங்கும்போது இதுதான் மலிவு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இங்கேதான் மூக்கு வேர்க்கும். ஃபிக்சட் காஸ்ட் குறைவாக இருக்கும் இடத்தில் வேரியபிள் காஸ்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

ஒரு டன் ஏசியை இழுக்கும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் என்று வைப்போம். எட்டு மணி நேரத்துக்கு எட்டு லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டாலும் ராத்திரிக்கு 800 ரூபாய். அந்தக் காசுக்குக் கோயில் பக்கத்து லாட்ஜிலேயே ரூம் கேட்டுப் பார்க்கலாம். சொந்த வீட்டில் படுக்க தினமும் லாட்ஜ் வாடகை கொடுப்பது என்ன கணக்கு?

காசுக் கணக்கைவிட முக்கியமான கணக்கு வேறு இருக்கிறது. 2024 டிசம்பர் 23. கேரளாவில் வடகரை பக்கம் கரிம்பனப்பாலத்தில், ரோட்டோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தார்கள். அந்த வண்டியில் வேலை பார்த்தவர்கள். ராத்திரி வண்டியை ஓரங்கட்டி, ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏசி போட்டுத் தூங்கியவர்கள். அப்புறம் கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓட்டிச் சோதித்தார்கள். அதன் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது தெரிந்தது. ரெண்டு மணி நேரத்தில் உள்ளே இருந்த அளவு பத்து லட்சத்தில் 957 பங்கு.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. ஆக்சிஜன் உட்கார வேண்டிய ஹீமோகுளோபினில், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. ஏசிக்காகக் கதவு ஜன்னலை எல்லாம் அடைத்து வைத்திருப்போம், அதனால் வந்த விஷம் வெளியேயும் போகாது. பழைய வேனின் தரையில் எத்தனை ஓட்டை, எத்தனை துரு என்று யார் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்?

அதனால் தூங்கும்போது ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். எந்த ஏசி வைத்தாலும் உள்ளே ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியே ஆக வேண்டும்.

பேட்டரி கணக்கு

மிச்சம் இருப்பது பேட்டரி. நேராகக் கணக்குக்குப் போவோம். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி விட்டு விட்டு ஓடி மணிக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கிறது என்று வைத்தால், ராத்திரிக்கு 5 யூனிட். (‘இன்வெர்ட்டர் ஏசி’ என்றால் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும் ஏசி என்று அர்த்தம் இல்லை. கம்ப்ரஸர் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏசி. ஸ்டார்ட் ஆகும்போது குபீரென்று கரண்டை இழுக்காது என்பதால் பேட்டரிக்கு நல்லது.)

வீட்டில் இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஆம்பியர் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும். ஆசிட் பேட்டரி என்பதால் பாதிக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆக கைக்கு வருவது 0.9. 5 யூனிட்டுக்கு ஆறு பேட்டரி. ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். ரெண்டு பேர் போகிற வண்டியில் இன்னும் அஞ்சு பேரை ஏற்றின மாதிரி! லித்தியம் பேட்டரி என்றால் அதே வேலையை நாலில் ஒரு பங்கு எடையில் முடித்துவிடும். விலை அதிகம், ஆனால் பல மடங்கு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கலாம்.

சரி, அதை யார் நிரப்புவது? சோலார் என்பார்கள். மதுரை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளைக்கு 4 யூனிட் வரை கொடுக்கும். அதற்குக் கூரையில் 5 சதுர மீட்டர் இடம் வேண்டும். நாலு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம் உள்ள கூரையில் மொத்தமே 6 சதுர மீட்டர்தான். ஏசிப் பெட்டி கூரையில் ஏறினால் அது சோலாருக்கான இடத்தைத் தின்னும், நிழலையும் விழ வைக்கும். குளிரைத் தருவதும் கரண்டைத் தருவதும் ஒரே கூரைக்குச் சண்டை போடுகின்றன!

முதலில் சூட்டைக் குறைங்க

இந்தச் சண்டைக்குத் தீர்வு, ஏசியைப் பெரிதாக்குவது இல்லை, தேவையைச் சின்னதாக்குவது. கூரைத் தகடுக்குக் கீழே ரெண்டு அங்குலத்துக்கு ஃபோம் அடித்து, மேலே வெள்ளை பெயிண்ட் அடித்து, ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் தடுப்பு வைத்தாலே உள்ளே இறங்கும் சூடு பெருமளவு குறைந்துவிடும். கட்டிலைச் சுற்றி மட்டும் கனமான திரை போட்டால் வண்டி முழுக்கக் குளிர வைக்க வேண்டியதில்லை, படுக்கை மட்டும் குளிர்ந்தால் போதும். அப்போது அரை டன்னே தாராளம். 5 யூனிட் 3 யூனிட்டுக்குக் கீழே இறங்கும். பேட்டரியும் பாதி, எடையும் பாதி, செலவும் பாதி. லாரி டிரைவர்கள் படுக்க என்றே 24 வோல்ட் பேட்டரியில் நேராக ஓடும் சின்ன கூரை ஏசிகள் வந்துவிட்டன. அந்த அளவுதான் இந்த வண்டிக்குப் பொருத்தம்.

ஏர் கூலர் போதாதா என்றால், பாதி ஊருக்குப் போதும். திருப்பரங்குன்றத்திலும் பழனியிலும் வெயில் காலக் காற்று வறண்டது. நூறு வாட்டில் கூலர் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் திருச்செந்தூர் கடற்கரையிலும் சுவாமிமலைக் காவிரிக் கரையிலும் காற்றே ஈரம். அங்கே கூலர் புழுக்கத்தைத்தான் கூட்டும். ஆறு படை வீட்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

கூரையில் கை வைப்பதற்கு முன்னால்

நம்ம வேனில் அந்த 14 அங்குல ஓட்டை கிடையாது, வெட்டத்தான் வேண்டும். மெல்லிய தகட்டின் மேல் நாற்பது கிலோவை வைத்தால், ரோட்டில் குதித்துக் குதித்துத் தகடு குழிந்துவிடும். அப்புறம் ஐப்பசி மழையில் கட்டில் மேலே அருவி கொட்டும். எடை கூரை வளைவுக் கம்பிகளில் இறங்குகிற மாதிரி குறுக்கே சட்டம் அடிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்.சி.யில் இருக்கிற விவரம் மாறுகிற மாதிரி வண்டியை மாற்ற முடியாது, ஆர்.டி.ஓ.விடம் முறைப்படி கேட்க வேண்டும். வண்டிக்கு 50 வயது தாண்டியிருந்தால் இன்னொரு சிக்கல். 2021 ஜூலையில் வந்த விதிப்படி ‘வின்டேஜ்’ பதிவு வேண்டுமானால் வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். தினசரிப் பயன்பாட்டுக்கும் எடுக்கக் கூடாது. ஆக, வின்டேஜ் நம்பரா, கூரை ஏசியா? ஏதாவது ஒன்றைத்தான் ஆசைப்படலாம்.

பழைய வண்டியோடு பழைய ஏசியும் வந்தால் அதில் என்ன கேஸ் என்று பாருங்க. ஆர்-12 என்றால், ஓசோனில் ஓட்டை போடும் அந்தக் கேஸின் உற்பத்தியை 2010க்குள் நிறுத்தியாகிவிட்டது. ரிப்பேர் செலவு புதுசை நெருங்கும்.

ஆக ரிட்டயர்டு சாருக்கு வரிசை இதுதான். முதலில் ஃபோமும் வெள்ளை பெயிண்டும். ரெண்டாவது கட்டிலுக்குத் திரை. மூன்றாவது லித்தியம் பேட்டரி. பகலில் சோலார், வசதி கிடைக்கிற இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட். நாலாவதாகத்தான் ஏசி, அதுவும் அரை டன்னில் சின்னதாக. அலாரம் மட்டும் முதல் நாளே.

கடைக்காரர் “எத்தனை டன் சார் வேணும்?” என்றுதான் கேட்பார். அவர் வேலை அது. “ராத்திரி ரெண்டு மணிக்கு, எல்லோரும் தூங்கும்போது, இது எதைத் தின்று ஓடும்?” என்று திருப்பிக் கேளுங்க. பதிலில் புகை என்ற வார்த்தை வந்தால் அந்தக் கடையை விட்டு இறங்கிவிடுங்க.