பாட்டி கட்டின மாலை

போன வாரம் கடலைக்காட்டுல களையெடுப்பு. மதியம் வேப்பமரத்தடியில தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்தப்போ, பேச்சு எப்படியோ ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கட்டிக்கிற விஷயத்துக்கு வந்துடுச்சு. "காலம் கெட்டுப்போச்சுண்ணே, இதையெல்லாம் சட்டம் விடவே கூடாது"ன்னான் பங்காளித் தம்பி.

உள்ளதைச் சொல்றேன், எனக்கும் அது மனசுக்கு ஒட்டாத சங்கதிதான். எங்க குலசாமி கோயில்ல அப்படி ஒரு கல்யாணம்னா போய் அட்சதை போடுவேனான்னு தெரியல. ஆனா 'சட்டம் விடக்கூடாது'ன்னதும் பாட்டி ஞாபகம் வந்துடுச்சு.

தாத்தா கருப்புச்சட்டைக்காரர். ஐயர் இல்லை, தாலி இல்லை, மாலை மாத்தினதோடு சரி. அந்த மாதிரிக் கல்யாணம் செல்லாதுன்னு 1950களிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1965ல தாத்தா போனதும் அவர் தம்பி, "அது கல்யாணமே இல்லை, பிள்ளைக்குப் பங்கும் இல்லை"ன்னு கிளம்பிட்டார். பாட்டி இடுப்புல அப்பா, கையில ஒரு காகிதமும் கிடையாது.

அப்புறம் அண்ணா ஆட்சியில, 1967ல சுயமரியாதைத் திருமணச் சட்டம் நிறைவேறுச்சு. அதுக்கு முன்னாடி நடந்த கல்யாணங்களுக்கும் சேர்த்துத்தான். பங்காளி வீடு அடங்கிடுச்சு. அந்தச் சட்டம் ஐயர் வெச்சுப் பண்றவங்க யாரையும் தடுக்கலையே. என் கல்யாணமே மாமியார் ஆசைக்காக ஹோமப் புகையில கண்ணு எரிய நடந்ததுதான்!

ஒரே பாலினத்தவர் சேர்ந்து வாழறது குற்றமில்லைன்னு 2018ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. கல்யாணமா ஏத்துக்கறது நாடாளுமன்றத்தோட வேலைன்னு 2023 அக்டோபர்ல கைவிரிச்சிடுச்சு. பக்கத்து ஊர்ல தையல் கடை வெச்சிருந்த ரெண்டு அக்காங்க, இருபது வருஷமா ஒரே வீடு. அவங்களுக்குள்ள என்னன்னு ஊர் கேட்கலை, அவங்களும் சொல்லலை. போன வருஷம் ஒருத்தர் இறந்துட்டார். பட்டா அவர் பேர்ல, உயிலும் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அவரோட அண்ணன் வந்து பூட்டுப் போட்டார். வாரிசுச் சான்று கேட்கப் போன இடத்துல இன்னொரு அக்காகிட்ட கேட்டது, "நீங்க அவங்களுக்கு யாரு?" அந்தம்மா தையல் மிஷினை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனாங்க.

இதைச் சொன்னதும் தம்பி, "அப்போ நம்ம கோயில்ல கட்ட விடுவியாண்ணே?"ன்னான்.

"கோயில் நம்ம வரி கட்டுறவங்க பேசி முடிவு பண்றது. நான் தாலுகா ஆபீஸைப் பத்திப் பேசறேன்."

அவன் பதில் சொல்லலை, வாளியைக் கழுவிட்டு எழுந்து போனான். நாங்க உட்கார்ந்திருந்த காடுதான் அந்தக் காடு. அன்னைக்குப் பங்கில்லைன்னு சொன்னவர் அவனோட தாத்தா.