தியேரில் ஒரு மடக்குக் கத்தி

பிரான்சின் நடுப்பகுதியில், ஓவெர்ஞ் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும் சிறிய ஊர் தியேர். கத்திக்கு வேண்டிய இரும்பு அங்கே வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஊரிடம் இருந்தது துரோல் ஆறு மட்டும். செங்குத்தாக இறங்கும் அந்தத் தண்ணீர் சாணைச் சக்கரங்களைச் சுழற்றியது. நூற்றாண்டுக் கணக்கில் ஊரே கத்தியால் பிழைத்தது. ஆற்றோரப் பட்டறைகளில் சாணை பிடித்தவர்கள் பலகைமேல் குப்புறப் படுத்து, கீழே சுழலும் கல்லில் அலகை அழுத்தினார்கள். குளிர் தாங்கக் கால்மேல் நாயைப் படுக்க வைத்துக்கொண்டார்கள். தெறித்த கல்சேறு படிந்ததால் அவர்களுக்கு ‘மஞ்சள் வயிற்றுக்காரர்கள்’ என்று பெயர். இப்போது அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கலாம்.

நான் போனது மேலே, ஊருக்குள் இருக்கும் ஒரு சின்னப் பட்டறைக்கு. மடக்குக் கத்தியைப் பூட்டுவதுதான் அங்கே வேலை. அலகு, முதுகோடு போகும் எஃகு வில், இரு பக்கமும் பித்தளைத் தகடு, அதன்மேல் கொம்போ மரமோ. எல்லாவற்றையும் ஆணி கோத்து, தலையைச் சுத்தியலால் மெல்லத் தட்டி விரிக்கிறார் அங்கே வேலை செய்யும் ஒரு பெண்மணி. அலகு திரும்பும் ஆணியை அடிக்கும்போது மட்டும் அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய எஃகுத் துண்டு ஒன்றைச் செருகிக்கொள்கிறார். அடித்து முடிந்ததும் உருவிவிடுகிறார். அந்த மயிரிழை இடைவெளியில்தான் கத்தியின் ஆயுள் முழுக்க அலகு திரும்பவேண்டும். கூடிப்போனால் அலகு ஆடும். குறைந்தால் நகம் பெயரும்.

முடித்த கத்தியை என் கையில் கொடுத்தார். கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் வைத்து இழுத்தேன். லேசில் வரவில்லை. “எங்கே பிடிக்கிறது என்று பாருங்கள்” என்றார். உடன் வந்த நண்பர் மொழிபெயர்த்தார். தொடக்கத்தில் முரண்டிவிட்டு நடுவில் இளகினால் அது வில்லின் பலம். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே இழுவையாகப் பிடித்தால் ஆணி இறுக்கம், இல்லையென்றால் உள்ளே தூசி. இந்தக் கத்திகளில் பூட்டு கிடையாது. வேலை நடுவே அலகு விரல்மேல் மடங்காமல் காப்பது அந்த வில் ஒன்றுதான். அதன் பலத்தைக் குறைக்க நினைப்பது ஆபத்து. புதுக் கத்தி வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது இதுதான் என்று எனக்குப் பட்டது.

மற்ற இறுக்கத்துக்கு அவர் செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். திரும்பும் இடத்தில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பிறகு திறப்பதும் மூடுவதுமாகக் கை ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஆணியோரம் கறுப்பாக ஒரு கோடு கசிந்தது: மெருகேற்றியபோது உள்ளே போய் ஒட்டிய மெருகுப் பசையும், உரசித் தேய்ந்த உலோகப் பொடியும். துடைத்தார், மறுபடி ஒரு சொட்டு விட்டார். கசிவு தெளிந்து வரும்வரை இதே வேலை. பழம், ரொட்டி நறுக்கும் கத்தி என்பதால் வாயில் பட்டாலும் கெடுதல் செய்யாத, உணவுக்கு ஏற்ற தரமுள்ள பாரஃபின் எண்ணெய்தான் நல்லதாம். சமையல் எண்ணெய் வேண்டாம். நாளானால் பிசினாகி முன்னைவிட இறுகிவிடும். மணல்தாளை இடுக்கில் விட்டுத் தேய்ப்பதைச் சொன்னதும் முகம் சுளித்தார். உதிர்ந்த மணல் உள்ளேயே தங்கி, பளபளப்பாக உரசவேண்டிய இரு முகங்களையும் கீறிவிடும்.

மூடும்போது வில்லின் வேகத்துக்கு அலகை விட்டுவிடாமல் விரலால் தாங்கி இறக்கினார். படீரென்று விட்டால் கூர் விளிம்பு உள்ளே வில்லில் மோதி மழுங்கும். அலகின் முதுகைப் பிடித்து, விரல்களைக் கூரின் பாதையிலிருந்து விலக்கி வைத்து, என்னையும் செய்யச் சொன்னார்.

இவ்வளவுக்கும் அசையாத கத்தியை வீட்டில் சுத்தியலால் தட்டக் கூடாது. தட்டத் தட்ட ஆணித் தலை இன்னும் விரிந்து இறுகத்தான் செய்யும். அதைச் செய்தவரிடமே கொண்டுபோனால் ஆணியைக் கழற்றி மறுபடி பூட்டித் தருவார்.