மலை காத்திருக்கும்



52 வயதில் ஒருவன் மலையேறப் பயிற்சி எடுக்கிறான் என்று கேள்வியுற்றால் நீங்கள் புன்னகை செய்யக்கூடும். உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அவ்வாறே செய்திருப்பேன். எனினும், அந்த ஆசை என் தந்தையாரிடமிருந்து எனக்கு வந்த சொத்து.

காயல்பட்டினத்தில் பிறந்து, இளமையில் கொழும்பில் வணிகம் செய்தவர் என் வாப்பா. 1963-ஆம் ஆண்டில் அவர் பாவா ஆதம் மலையில் ஏறினார். இலங்கையின் நடுவே 2,243 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையின் உச்சியில், பாதத்தின் வடிவில் ஒரு பள்ளம் உண்டு. ஆதம் (அலை) அவர்களின் காலடி என்று முஸ்லிம்களும், புத்தரின் பாதம் என்று பௌத்தர்களும், சிவனொளிபாதம் என்று இந்துக்களும் அதனைப் போற்றி வந்துள்ளனர். 1344-ஆம் ஆண்டில் பயணி இப்னு பதூதாவும் அம்மலையில் ஏறி, அதனைத் தம் பயண நூலில் விவரித்துள்ளார். வாப்பா சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த நான், அவர் கண்பார்வையோடு இருக்கும்போதே அங்கே சென்று வந்து, கண்டதை அவரிடம் சொல்ல வேண்டுமென்று 2023-ஆம் ஆண்டில் முடிவு செய்தேன். அப்போது அவருக்கு வயது 84.

நல்லதண்ணி வழியாக ஏறுவோர் ஏறத்தாழ 5,500 படிகளைக் கடக்க வேண்டும். எங்கள் வீட்டு மாடிக்கு 18 படிகள். கணக்கிட்டுப் பாருங்கள்: முந்நூறு தடவைக்கு மேல் ஏற வேண்டும்! காலையில் கடற்கரை மணலில் நடை, மாலையில் முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையுடன் மாடிப்படி என்று மூன்று மாதங்கள் உழைத்தேன். நவம்பர் மாதத்து மாலையொன்றில், இறங்கும்போது கடைசிப் படி தவறியது. வலது கணுக்கால் மடங்கி, வெளிப்புற எலும்பில் கீறல் விழுந்தது. ஆறு வாரங்களுக்கு மாவுக்கட்டு. பிப்ரவரிப் பயணம் கலைந்தது.

கட்டிலில் கிடந்தபோது என்னை வாட்டியது வலியன்று; சேர்த்து வைத்த வலிமையெல்லாம் கரைந்துவிடுமே என்ற அச்சம்தான். என்னைக் கவனித்த இயன்முறை மருத்துவர் அதனைப் புரிந்துகொண்டார். "ஒரு கால்தான் ஓய்வில் இருக்கிறது. மற்ற உடலுக்கு யார் விடுமுறை கொடுத்தது?" என்று கேட்டார்.

அன்று முதல் நாற்காலியே என் பயிற்சிக்கூடமாயிற்று. நீர் நிரப்பிய புட்டிகளைக் கைகளில் ஏந்தி, மூச்சு வாங்கும்வரை இருபது நிமிடங்கள் கைகளை வீசுவேன். கட்டுப் போட்ட காலை நீட்டியபடியே உயர்த்தித் தாழ்த்துவேன். நலமான இடக்காலால் மட்டும் ஊன்றி நாற்காலியிலிருந்து எழுவேன். ஒரு காலைப் பழக்கினால் மறு காலுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு பக்கத்து உறுப்பைப் பயிற்றுவித்தால் மறுபக்கத்து உறுப்பின் வலிமையும் ஓரளவு கூடுகிறது என்பதை 1894-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். தசையை இயக்குவது மூளையும் நரம்புகளும் அல்லவா? அவை கற்கும் பாடம் ஒரு பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றைக் குறைக்காமல் உண்ணும்படியும் மருத்துவர் அறிவுறுத்தினார். படுத்திருப்பவனுக்கு எதற்கு உணவு என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், எலும்பு கூடுவதும் உழைப்புதான். அதற்கும் கூலி உண்டு.

2024 ஜனவரியில் கட்டைப் பிரித்தபோது வலது கெண்டைக்கால் மெலிந்து, வேறொருவருடைய கால்போல் தோன்றியது. என் பொறுமையும் அத்துடன் தீர்ந்தது. மலைப் பயணக் காலம் டிசம்பர் முழுநிலவில் தொடங்கி மே மாதத்து வெசாக்குடன் முடிவடையும். எப்படியும் ஏப்ரலில் ஏறிவிடலாம் என்று கணக்கிட்டேன். பத்தாம் நாள், எவருக்கும் சொல்லாமல் மாடிப்படியில் ஐம்பது தடவை ஏறி இறங்கினேன். மறுநாள் காலையில் கணுக்கால் மீண்டும் வீங்கியிருந்தது. தரையில் கால் வைக்க இயலவில்லை. வீக்கத்தை மறைக்கக் கால்சராயின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு வாப்பாவின் முன் சென்று அமர்ந்தேன். அவர் என் நடையைப் பார்த்துவிட்டார்.

"யாருக்காக இந்த அவசரம்?" என்றார்.

"உங்களுக்காகத்தான்" என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அறுபது ஆண்டுகளாக எங்களிடம் சொல்லாதிருந்த ஒன்றைச் சொன்னார். 1962-இல் அவர் முதல் தடவை சென்றபோது பாதி வழியில் கால் இழுத்துக்கொண்டதாம். நண்பர்கள் மேலே செல்ல, அவர் தனியே திரும்பி வந்தாராம். மறு ஆண்டுதான் உச்சியைக் கண்டாராம். "ஏறியதை மட்டும் உங்களுக்குச் சொன்னேன். திரும்பியதையும் சொல்லியிருக்க வேண்டும். மலை எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றார்.

வாசகர்களே, அந்த ஒரு சொல் என் பயிற்சியின் போக்கையே மாற்றிவிட்டது. மூன்று வாரங்களை இழந்த பின், மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அலை அடங்கிய வைகறைகளில், மச்சானின் துணையோடு கடலில் மார்பளவு நீரில் நடந்தேன். அந்த ஆழத்தில் கால்கள் தாங்கும் எடை, தரையில் தாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மூச்சுக்கும் தசைக்கும் வேலை கிடைக்கும். எலும்புக்குச் சுமை குறையும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கப் பழகினேன். கணுக்கால் பிசகிய பின் மறந்துபோகும் சமநிலை உணர்வு அவ்வாறுதான் திரும்புகிறது. வாரத்துக்கு வாரம் நடையின் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை என்றும், மறுநாள் காலையில் வலி மிகுந்திருந்தால் ஒரு படி பின்வாங்குவது என்றும் எனக்கு நானே விதி வகுத்துக்கொண்டேன்.

காயம்பட்டால் அசையாமல் கிடப்பதே மருந்து என்று இன்றும் பலர் கருதுகின்றனர். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் ஒரே சூத்திரமாக எழுதியவர் மருத்துவர் கேப் மிர்கின். முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே எழுதினார். முழுமையாக முடங்குவதும் பிழை. முந்திக்கொண்டு ஓடுவதும் பிழை. இடைப்பட்ட வழியை மருத்துவரின் துணையுடன் கண்டறிவதே அறிவுடைமை.

அதுவரை நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்தேன். இருப்பில் வலக்கால் விரல்களை மடக்கி ஊன்றி, வலியின்றி அமர இயன்ற அந்த சுபுஹு நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். உச்சியை அடைந்த மகிழ்ச்சி அதற்குப் பிறகுதான்.

ஏறுவதைவிட இறங்குவதே காலுக்குப் பெரிய சோதனை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. ஆகவே, கடைசி நான்கு மாதங்களும் படியில் மெல்ல இறங்குவதையே தனிப் பயிற்சியாகச் செய்தேன்.

2025 ஜனவரியில், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு நல்லதண்ணியிலிருந்து புறப்பட்டேன். இளைஞர்கள் என்னைக் கடந்து சென்றனர். கைக்குழந்தையைச் சுமந்த தாய்மார்களும் கடந்து சென்றனர். எனக்கு வெட்கம் தோன்றவில்லை. ஐந்து மணி நேரத்தில் உச்சியை அடைந்தேன். சூரியன் எழுந்தபோது மலையின் நிழல் முக்கோணமாய் மேற்கே பனிமூட்டத்தின்மீது விழுந்து கிடந்தது. கைத்தடியின் உதவியோடு, ஒவ்வொரு படியாக, நான்கு மணி நேரத்தில் இறங்கினேன்.

ஊர் திரும்பியதும் நிழலைப் பற்றிச் சொல்ல வாப்பாவிடம் ஓடினேன். அவர் கையமர்த்திவிட்டு, முதலில் கேட்டது இதைத்தான்: "இறங்கும்போது கால் எப்படி இருந்தது?"

உங்களில் எவரேனும் இன்று காலிலோ கையிலோ கட்டுடன் இதனைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கும் அதையே சொல்வேன். நெடும்பயணத்துக்கு வேண்டிய முதல் தகுதி பொறுமை. அதனைப் பயில உங்களுக்கு இப்போது வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. மலை காத்திருக்கும்.