தரையில் ஒரு கறை

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழக்கம் தானாகவே ஏற்பட்டுவிடுகிறது. காலையில் வண்டியை வெளியே எடுத்தவுடன், அது இரவெல்லாம் நின்றிருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நாங்களும் அவ்வாறு திரும்பிப் பார்த்தபொழுது, உள்ளங்கை அகலத்திற்கு ஒரு கறுப்புக் கறை தரையில் தென்பட்டது.

எங்களுடையது 1997-இல் வாங்கிய மாருதி 800. நேயர்களில் பலர் வீட்டு வாசலிலும் அது ஒரு காலத்தில் நின்றிருக்கும். 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்தச் சிறு வண்டிதான் எத்தனையோ நடுத்தரக் குடும்பங்களை ஸ்கூட்டரிலிருந்து இறக்கிக் காரில் ஏற்றி வைத்தது. மூன்றே சிலிண்டர்கள், 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. பதினைந்து ஆண்டுகள் நிறைந்ததிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பித்து வருகிறோம். அடுத்த தவணை 2027. எண்ணெய் ஒழுகும் வண்டியுடன் அங்கே போய் நிற்க மனம் வரவில்லை.

‘ஒரு சொட்டுத்தானே’ என்று இருந்துவிடலாம் அல்லவா என்று சிலர் கேட்கலாம். நாங்களும் சில நாட்கள் அப்படித்தான் இருந்தோம். அளவுகோலை உருவிப் பார்த்தால், ஒரே மாதத்தில் எண்ணெய் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்கியிருந்தது. முன்பலகையிலுள்ள சிவப்பு விளக்கு எரியவில்லையே என்று சமாதானம் கொள்வதும் தவறு. அந்த விளக்கு எண்ணெயின் அளவைக் காட்டுவதன்று, அழுத்தத்தைக் காட்டுவது. அது எரியும்பொழுது எஞ்சினுக்குக் கேடு தொடங்கியே இருக்கும்.

புனேயில் எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறிய பட்டறை உண்டு. அங்கே வேலை செய்யும் இருபது வயது இளைஞன் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தான். எண்ணெய் சொட்டியது என்னவோ அடியிலுள்ள சம்ப் தொட்டியின் திருகிலிருந்துதான். ஆனால் அவன் அதை நம்பவில்லை. எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, முகப்பவுடரைத் தூவி, சிறிது நேரம் ஓடவிட்டான். உச்சியிலுள்ள டாபெட் கவரின் ஓரத்தில் பவுடர் முதலில் நனைந்தது. மேலே கசிந்த எண்ணெய் பின்புறமாக வழிந்து, கீழே வந்து சொட்டியிருக்கிறது. “காகா, கவர் பேக்கிங் போய்விட்டது” என்றான். பழைய ரப்பர் பேக்கிங் வறட்டிபோல் இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதியதைப் பொருத்தி, திருகுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்கினான். ஒரேயடியாக இறுக்கினால் பேக்கிங் பிதுங்கிவிடும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வாரத்தில் கறை மீண்டும் வந்தது, முன்னிலும் பெரிதாக.

அன்று நாங்கள் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பட்டறையில் நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருக்க, அந்தப் பையனை உரக்கக் கடிந்துகொண்டோம். அரைகுறை வேலை என்றோம். பட்டறைக்காரரும் எங்களோடு சேர்ந்துகொண்டு, இரண்டாவது பேக்கிங்கின் விலையை அவன் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். அவன் ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபடி கவரைக் கழற்றினான். இரண்டு வாரம் சென்று மறுபடியும் கறை! அதன்பின் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. பெரிய பட்டறை ஒன்றில் காட்டினோம். எஞ்சின் தேய்ந்துவிட்டது, முழுவதும் பிரித்துச் செப்பனிட வேண்டும் என்று ஒரு தொகை எழுதிக் கொடுத்தார்கள். அது வண்டியின் விலையைவிட அதிகம். பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, ஆளையும் வரச் சொல்லிவிட்டோம்.

இந்நிலையில்தான் கீழ்வீட்டு மராத்தியப் பெரியவர் குறுக்கிட்டார். முப்பது ஆண்டுகள் எஞ்சின் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். உண்மையில் அவர் வந்தது தம் வாசல்வரை பரவிய கறையைப்பற்றிப் புகார் சொல்லத்தான். கதையைக் கேட்டதும் எஞ்சினை ஓடவிடச் சொல்லி, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். குப்பென்று சூடான புகைக்காற்று அவர் கையில் அடித்தது. “எண்ணெய் எங்கே வெளியே வருகிறது என்று பார்த்தீர்கள். அதை எது தள்ளுகிறது என்று பார்த்தீர்களா?” என்றார்.

நல்ல எஞ்சினிலுங்கூட, எரிந்த வாயுவில் சிறிது பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியேறுவதற்காக டாபெட் கவரிலிருந்து காற்று வடிகட்டிப் பெட்டிவரை ஒரு ரப்பர்க் குழாய் போகிறது. மெக்கானிக்குகள் பிரீத்தர் என்பது இதைத்தான். அது அடைபட்டால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த மூட்டு தளர்ந்திருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைப் பிதுக்கும். எத்தனை புதிய பேக்கிங் போட்டாலும் நிற்காது. குழாயைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே பழம்புளிபோல் கெட்டியான கசடு. ஊசி நுழையவும் வழியில்லை.

அந்தக் கசடு எப்படி வந்தது? எங்களால்தான். சில ஆண்டுகளாக வண்டி கடைத்தெருவுக்கும் கோவிலுக்கும் இரண்டு கிலோமீட்டர் போய்வருவதோடு சரி. எஞ்சின் முழுச்சூடு அடைவதற்குள் நிறுத்திவிடுவோம். உள்ளே படியும் நீராவி உலர வழியின்றி எண்ணெயோடு கலந்து சேறாகிறது. போதாக்குறைக்கு, ‘அதிகம் ஓடவில்லையே’ என்று எண்ணெய் மாற்றுவதையும் தள்ளிப்போட்டிருந்தோம். ஓடாத வண்டிக்கும் எண்ணெய் கெடும் என்பதைப் பெரியவர் சொல்லித்தான் உணர்ந்தோம்.

நானா பேட்டையில் உதிரிப் பாகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. புதுக் குழாயின் விலை, நாங்கள் அங்கே போய்வந்த ஆட்டோக் கட்டணத்தைவிடக் குறைவு. துவாரங்களைச் சுத்தம் செய்து, குழாயைப் பொருத்தி, புது எண்ணெயும் ஊற்றினோம். மூடியைத் திறந்தால் இப்பொழுது மெல்லிய மூச்சுத்தான். குழாய் திறந்திருந்தும் காற்று வேகமாக அடித்திருந்தால் எஞ்சின் தேய்ந்தது மெய்தான் என்று ஒப்புக்கொண்டிருப்போம். பையன் இரண்டாம் முறை போட்ட பேக்கிங்கை நாங்கள் தொடவேயில்லை. ஒரு மாதம் தரையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பார்த்தோம். கடுகளவு பொட்டுக்கூட விழவில்லை. இரும்புக்காரரிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

பட்டறைக்குப் போவதற்குத்தான் கால் எழவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடைபட்ட குழாயைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனோம். அன்றும் பட்டறையில் கூட்டம் இருந்தது. அது நல்லதாயிற்று. பட்டறைக்காரர் காதில் விழும்படியாகவே, அவன் வேலையில் பிழையில்லை, பிழை எங்களுடையது என்று சொன்னோம். கூலியில் பிடித்த பேக்கிங் விலையை அவன் கையில் கொடுத்தோம். அவன் அதை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழாயை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தான்.

“இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா, காகா?” என்றான்.

கொடுத்துவிட்டு வந்தோம்.