மோசமான மேனேஜர் ஆவது எப்படி?

நண்பர்களே, இன்னும் நாலைந்து வருஷத்தில் நம்மில் பலர் டீம் லீட் ஆகிவிடுவோம். இன்டர்ன்ஷிப் போன இரண்டே மாதத்தில் நான் பார்த்துக் கற்ற பாடங்கள் உங்களுக்கு இலவசம்!

1. பகல் முழுக்க சும்மா இருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, பையைத் தோளில் மாட்டியவனைப் பார்த்து, "ஒரு சின்ன மீட்டிங்ப்பா, அஞ்சே நிமிஷம்" என்று ஆரம்பியுங்கள்.

2. பிரான்ஸில் 2017 முதல், வேலை நேரம் முடிந்ததும் ஆபீஸ் மெயிலை மூடிவைக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் "அப்டேட்?" என்று போடுங்கள்.

3. பத்துப் பேரும் நல்லா உழைத்தாலும், அப்ரைசலில் ஒருத்தரைக் கடைசியில் தள்ளியே ஆகணும். மைக்ரோசாஃப்ட் 2013-லேயே இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. அதுக்காக நாம விடலாமா?

4. வேலை முடிந்தால் "நான் முடிச்சேன்". சொதப்பினால் "அவன்தான் சார்".

பலன் நிச்சயம். எங்கள் டீமில் எல்லாருக்கும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த அக்கா, ஒரு வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் பேப்பர் போட்டுவிட்டார். அந்த மாட்யூல் முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

இப்பவும் பதினொரு மணிக்கு "அப்டேட்?" வருகிறது. பதில் சொல்லத்தான் ஆளில்லை.