எனக்கு இதமான வெயில்

மலையில் வேலை பார்த்து ஓய்வுபெறப் போகிறவர்கள் என்னிடம் ஊர் விசாரிப்பதுண்டு. குளிர் இனித் தாங்காது, கீழே வெயிலும் மரமும் காலார நடக்க இடமும் உள்ள ஊராகப் பார்த்துப் போய்விடலாம் என்று நினைப்பவர்கள். நானும் அப்படி இறங்கி வந்தவள்தான். ஊட்டி வீட்டை விற்றுவிட்டு, குற்றால மலையடியில் இலஞ்சியில் வீடு வாங்கிக் குடியேறினோம். முழங்கால் வலி குறைந்ததா, மனை என்ன விலை, தண்ணீர் எப்படி என்று கேட்பார்கள். வலி குறைந்தது, தண்ணீர் அருமை என்று சொல்வேன். சொல்லியதெல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பிறந்தது அம்பாசமுத்திரம். தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவள். கல்யாணமாகி ஊட்டிக்குப் போய், அங்கேயே அஞ்சலகத்தில் வேலையும் கிடைத்து, ஓய்வு பெறும்வரை மலையிலேயே இருந்தேன். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் அது. டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி விழும். விடியும்போது புல்வெளியெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். சுற்றுலா வருகிறவர்களுக்கு அது அழகு. எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகு முழங்கால் பிடித்துக்கொண்டது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் பத்தடி வைப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடும். வேலை முடிந்து வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துகொள்வேன். ஞாயிற்றுக்கிழமையானால் வாசலைத் தாண்ட மாட்டேன்.

என் கணவர் ஊட்டியிலேயே பிறந்தவர். பிங்கர்போஸ்ட் பக்கம் அவருடைய அப்பா கட்டிய சின்ன வீடு எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் சரிவில் நாலைந்து பாத்தி. காய்கறி மண்டியில் கணக்கு எழுதியவர் அவர். காலையில் வேலைக்குப் போகும் முன்னும் மாலையில் வந்த பின்னும் அந்தப் பாத்தியில்தான் இருப்பார். கேரட், பீட்ரூட், பட்டாணி, ஓரத்தில் உருளை. நான் உள்ளேயிருந்து, சளி பிடிக்கும் வாங்க என்று கத்துவேன். "இதோ" என்பார். இருட்டும்வரை வரமாட்டார்.

குற்றாலத்துக்கு நாங்கள் வருவது ஆனியிலோ ஆடியிலோதான். மே மாதம் ஊட்டியில் சீசன். சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டில் இருப்பார்கள், நகர முடியாது. அவர்களை அனுப்பிவிட்டு ஜூன் கடைசியில் லீவு போட்டுக்கொண்டு இறங்குவோம். அப்போது குற்றாலம் எப்படி இருக்கும் என்று தென்தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் பெய்கிற தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்ள, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் மட்டும் இந்தப் பக்கம் நழுவி வரும். நின்று பெய்யாமல் முகத்தில் தெளித்துவிட்டுப் போகிற சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தால் வெயில் லேசாக முதுகில் படும். அந்த நடையில் எனக்கு முழங்கால் இருக்கிற நினைவே வராது. இந்த ஊரில் இருந்தால் நாள் முழுக்க வெளியிலேயே இருக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்தப் பதிலை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அன்று அவர் பேசியது அந்த மாலையைப் பற்றி மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டை விற்கும் பேச்சு வந்தபோதும் அவர் மறுக்கவில்லை. என் கால்வலியைப் பார்த்துக்கொண்டே இருந்த மனுஷன் எப்படி மறுப்பார்? பத்திரப்பதிவு அன்று, அவருடைய அப்பா பெயர் இருந்த தாய்ப்பத்திரத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுக் கொடுத்தார். எங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம், அதனால் போகிறோம் என்று எல்லாரிடமும் சொல்லி விடைபெற்றேன். அவரும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இலஞ்சியில் முதல் ஆறு மாதம் எனக்குப் பொற்காலம். சாரல் முடிந்து, ஐப்பசி மழை முடிந்து, தை மாத வெயில் வந்தது. குமாரகோயில்வரை நடந்து போய்வரத் தொடங்கினேன். படியேறினேன். வயல் வரப்பில் நடந்தேன். பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஊரிலிருந்து போன் செய்தவர்களிடம் எல்லாம் நடையைப் பற்றித்தான் பேசினேன்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. "கேரட் போடுங்களேன், விதை கொண்டுவந்தோமே" என்று மாசி மாதத்தில் அவரிடம் சொன்னேன். மண்டியில் இருந்தவருக்குத் தெரியாதா? கேரட் கிழங்கு திரண்டு நிறம் பிடிக்க 15லிருந்து 20 டிகிரிவரை குளிர்ச்சி வேண்டும். அவர் ஒன்றும் சொல்லாமல் பாத்தி கட்டி விதைத்தார். தழை நன்றாகத்தான் வந்தது. பிடுங்கிப் பார்த்தால் சுண்டுவிரல் பருமன்கூட இல்லை, வெளிறிப்போயிருந்தது. மண் சரியில்லை என்று நான் சொன்னேன். "ஆமா" என்றார். எனக்காகத்தான் விதைத்தார் என்பது இப்போது தெரிகிறது.

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறத் தொடங்கியது. உயரம் ஆயிரம் மீட்டர் குறைந்தால் வெப்பம் ஆறரை டிகிரி கூடும் என்பது பொதுக் கணக்கு. நாங்கள் இறங்கி வந்தது கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர். ஊட்டியில் ஏப்ரலில் வழக்கமாக 23, 24 டிகிரி இருக்கும். இங்கே 36, 37. காலை எட்டரைக்கே தெரு வெறிச்சோடும். பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர்கள் விடியுமுன்பே போய்விட்டுத் திரும்பிவிடுவார்கள். வெயிலோடு வாழத் தெரிந்தவர்கள் அவர்கள். அம்பாசமுத்திரத்தில் பிறந்த எனக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சிறுவயதுக் கோடையில் எனக்கு நினைவிருந்தது ஆறு மட்டும்தான்.

அவர் மட்டும் வெயிலுக்கு உள்ளே ஒதுங்கவில்லை. பத்து மணிக்கு மண்வெட்டியோடு பின்பக்கம் நிற்பார். பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "யக்கா, அண்ணாச்சி இந்த வெயில்ல நிக்காவளே, உள்ள கூப்பிடுங்க" என்பாள். கூப்பிடுவேன். "இதோ" என்பார்.

ஏப்ரலில் ஒருநாள் அந்த "இதோ" வரவில்லை. போய்ப் பார்த்தால் தென்னைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்தான் கார் எடுத்து வந்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சோடியம் நன்றாகக் குறைந்துவிட்டது என்றார்கள். ரத்த அழுத்தத்துக்கு அவர் வருஷக்கணக்கில் சாப்பிட்டு வந்தது நீரைப் பிரிக்கிற வகை மாத்திரை. அது உப்பையும் சேர்த்து வெளியேற்றும். வியர்வையே காணாத குளிரில் ஒன்றும் தெரியவில்லை. இங்கே வியர்வையிலும் உப்புப் போக, இரண்டும் சேர்ந்துகொண்டது. வயதானால் தாகம் மந்தமாகும் என்றும் சொன்னார்கள். அவர் இரண்டு மிடறு குடித்துவிட்டுப் போதும் என்பவர். ஊர் மாறும்போது மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரேஷன் கார்டையும் கேஸ் கணக்கையும் மாற்றியவள் அதை விட்டுவிட்டேன்.

அன்று மாலை இளம் மருத்துவர் ஒருவர் கட்டிலருகே வந்தார். ட்ரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் தெளிந்திருந்தார். பேச்சுக் கொடுத்துப் பார்ப்பதற்காக அந்தப் பெண் கேட்டார்: "ஐயா, வீட்டுல நாள் முழுக்க என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க பாப்போம்."

அவர் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். "அஞ்சரைக்கு எழுந்திருவேன். ராத்திரி பனி விழுந்திருந்தா வெயில் படறதுக்கு முன்னாடி செடிக்குத் தண்ணி தெளிச்சிடணும். இல்லேன்னா கருகிடும். அப்புறம் டீ. டீ குடிச்சிட்டு மண்டிக்கு. நடந்துதான் போவேன். மூர்த்தி வழியில நிப்பான். சாயங்காலம் வந்து களை எடுப்பேன். இவ உள்ள வா உள்ள வான்னு கூப்பிடுவா. இருட்டற வரைக்கும் இருப்பேன். அந்த நேரத்துலதான் நல்லா இருக்கும், காத்து சில்லுனு…"

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். என்னைத் தனியே அழைத்து, பயப்பட வேண்டாம், சோடியம் குறைந்தால் இப்படிக் குழப்பம் வரும், உப்புச் சத்து ஏற ஏறச் சரியாகிவிடும் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். எதிர்க் கட்டிலுக்கு யாரோ இட்லி கொண்டுவந்திருந்தார்கள். இடம், காலம் இரண்டும் அவருக்குத் தவறிவிட்டது உண்மை. ஆனால் அவர் சொன்ன நாளில் ஒரு பிழையும் இல்லை. அந்த நாளை நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்து வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன். விடியுமுன் பனியில் அவர். இருட்டிய பிறகும் பனியில் அவர். வீட்டுக்குள் அடைந்து கிடந்தவள் நான் ஒருத்திதான். அவரை ஒருநாளும் குளிர் உள்ளே தள்ளியதில்லை. நாள் முழுக்க வெளியில் இருக்கலாம் என்று சொல்லி நான் அழைத்து வந்த ஊரில், எட்டரையிலிருந்து ஐந்தரைவரை அவரை வீட்டுக்குள் இருத்தி வைக்கத்தான் நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பாடுபட்டுக்கொண்டிருந்தோம். இங்கே அவருடைய நாளைச் சொல்லச் சொன்னால் என்ன சொல்லியிருப்பார்? பேப்பர், மின்விசிறி, டிவி, மாலையில் என்னோடு ஒரு நடை. அது என்னுடைய நடை.

வீடு திரும்பிய பிறகு, தான் பேசியது எதுவும் அவருக்கு நினைவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். மண்வெட்டியைக் காலை ஆறு மணிக்கு எடுக்கத் தொடங்கினார்.

அடுத்த வருஷம் என் தவறை நானே சரிசெய்யப் புறப்பட்டேன். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஊட்டியில் இருக்கலாம் என்று வாடகைக்கு இடம் பிடித்தேன். சீசன் வாடகை. வருஷம் முழுதுக்கும் இலஞ்சியில் ஒரு குடும்பம் கொடுக்கிற வாடகை, அந்த இரண்டு மாதத்துக்கே போனது. மேலே போனால், மலர்க் கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் சேரிங் கிராஸைக் கடக்கவே நேரம் பிடித்தது. ஒருநாள் பழைய வீட்டுப் பக்கம் போனோம். வாங்கியவர் அதைக் காட்டேஜ் ஆக்கியிருந்தார். பாத்திகள் இருந்த சரிவை வெட்டிச் சமன்செய்து கார் நிறுத்தச் சிமெண்ட் போட்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "வா, போலாம்" என்றார். அதைத் திரும்ப வாங்குகிற விலை எங்கள் கைக்கு எட்டாது. எட்டினாலும் அந்த மண் அங்கே இல்லை. மே முடியும் முன்பே, கீழே போய்விடலாமா என்று அவர்தான் கேட்டார்.

இறங்கி வரும்போது பர்லியாறு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த முறையும் நான் அவரிடம் கேட்கவில்லை. வெயிலைத் தாங்க மாட்டார் என்று நானே நினைத்து, நானே மாதத்தையும் முடிவு செய்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மாலையில் கேட்டேன். "உங்களுக்கு எங்க, எப்ப இருக்கணும்னு தோணுது?" பதில் உடனே வரவில்லை. நாலைந்து நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார்: "மார்கழி, தை. பனி விழற மாசம். அப்ப மட்டும் மேல இருந்தாப் போதும். சாரலுக்கு இங்க இருக்கணும், அது எனக்கும் பிடிக்கும். ஏப்ரல்ல வீட்டுக்குள்ள இருந்துக்கறேன், அது ஒண்ணும் பெரிசில்ல."

எனக்கு எந்த மாதங்கள் பயமோ அதே மாதங்கள். என் முழங்காலுக்கு அது ஆகாது என்பது அவருக்கும் தெரியும். கேட்டால்தான் சொல்வது என்று இருந்திருக்கிறார்.

இப்போது மார்கழி பிறந்ததும் அவர் மட்டும் போகிறார். மண்டி நண்பர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. பக்கத்தில் அவர்களுடைய துண்டு நிலம். வாடகைக்குப் பதில் அந்த நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். பொங்கலுக்கு நான் போய் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு வருவேன். இந்த வயதில் பிரிந்திருப்பதா என்று என் தங்கை கேட்கிறாள். எனக்கும் சுலபமாக இல்லை. இரவில் வீடு பெரிதாகத் தெரிகிறது.

தினமும் எட்டு மணிக்குப் போன் வரும். போன தையில் ஒருநாள் எடுத்ததுமே, "நேத்து ராத்திரி சரியான பனி. உருளைச் செடி பூரா கருகிப்போச்சு. மணி நாலுக்கு எழுந்து தண்ணி அடிச்சும் பாதிதான் தப்பிச்சுது" என்றார். அந்தக் குரலில் இருந்த தெம்பை இலஞ்சிக்கு வந்த பிறகு நான் கேட்டதே இல்லை. நஷ்டக் கணக்கை முழுதும் சொல்லி முடித்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்:

"உனக்கு முழங்கால் எப்படி இருக்கு?"