லைன் பெட்டியும் பிடியரிசியும்

டிசம்பர் 24 ராத்திரி எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வருவதற்கு முன்னால் கால் பாய் வந்துவிடுவார். அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் கால் பாயைப் பற்றிச் சொல்வார்கள். சைக்கிள், கக்கத்தில் நீளமான நோட்டு, காதைச் சுற்றி மஃப்ளர். வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டே, "கார்டு சார், டூட்டி" என்று குரல் கொடுப்பார். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுதியிருக்கும். அதில் அப்பா கையெழுத்துப் போடவேண்டும். போட்டுவிட்டால் அதற்கப்புறம் பண்டிகையாவது, பிறந்தநாளாவது. பெயர்தான் பாய், எங்கள் லைனுக்கு வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அந்த ஒரு ராத்திரி மட்டும் நோட்டை நீட்டும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கமாட்டார். ஆயா அதிரசப் பொட்டலம் ஒன்றை அவர் கேரியரில் செருகிவிட்டு, "நீ இன்னாப்பா பண்ணுவ, எழுதுனவன் எழுதிட்டான்" என்பாள்.

அப்பா கூட்ஸ் கார்டு. 2022-இல் ரயில்வே இந்தப் பெயரை டிரெயின் மேனேஜர் என்று மாற்றிவிட்டது; அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார். அவருடைய லைன் பெட்டி கூடத்தின் மூலையில் எந்நேரமும் தயாராக இருக்கும். சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, கண்ணாடியைத் திருப்பினால் நிறம் மாறுகிற கை விளக்கு, நாங்கள் தொடவே கூடாத டெட்டனேட்டர் டப்பா, ரூல் புத்தகம், ஒரு ஜெபமாலை. கடைசியாகச் சொன்னது மட்டும் ரயில்வே கொடுத்ததல்ல.

ஊரே தண்டவாளத்தால் பிழைத்த ஊர். 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. மெட்ராஸ், ஜோலார்பேட்டை, ரேணிகுண்டா, செங்கல்பட்டு என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும். அதனால் எந்த நேரத்திலும் எந்த வீட்டிலும் யாராவது ஒருவர் இருக்கமாட்டார். விண்டர்பேட்டை என்று ஒரு பகுதி உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து, கிறிஸ்துமஸ் அட்டையில் வருகிற பனியெல்லாம் அங்கேதான் விழும் என்று கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால் அங்கேயும் நம்ம ஊர் வெயில்தான்.

ஆயாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த காலத்தில் அரக்கோணம் மெட்ராஸ் மேற்றிராசனத்தைச் சேர்ந்தது. 1952-இல் வேலூர் மறைமாவட்டம் உண்டானபோது நாங்கள் வேலூர்க்காரர்களாகிவிட்டோம். ஆயா கடைசிவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை. "நான் மெட்ராஸ் பிஷப்பு கோயில்காரி" என்பாள், இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகியபடி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒருசந்தி இருப்பாள். அந்தக் கட்டாயமெல்லாம் எடுத்தாகிவிட்டது என்று பங்குச் சாமியாரே சொல்லிப் பார்த்தார். "எடுத்தவங்க எடுக்கட்டும்" என்றாள். மாதாகோயில் விஷயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அம்மா டீச்சர். டிசம்பரில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து திருத்த வேண்டிய விடைத்தாள்கள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டுப் பலகாரம் முழுக்க அந்தக் கட்டுகளுக்கு நடுவில்தான் நடந்தது. ஒரு வருஷம் யாரோ ஒரு பையனின் சமூக அறிவியல் தாளில் எண்ணெய் சொட்டி, அசோகரின் கல்வெட்டுகள் பற்றிய பதில் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. அம்மா அவனுக்கு இரண்டு மார்க் கூடப் போட்டாள். லஞ்சம் கொடுத்துத் தப்பித்த ஒரே டீச்சர் நீதான் என்று அப்பா ரொம்ப நாள் கிண்டல் செய்தார்.

திருவருகைக் காலம் தொடங்குகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் ஆயா பரணிலிருந்து டால்டா டின்னை இறக்குவாள். அன்றிலிருந்து தினமும் உலை வைப்பதற்கு முன் அளந்த அரிசியிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி அதில் விழ வேண்டும். வீட்டில் ஐந்து பேர், ஐந்து பிடி. அவரவர் கையால் போட வேண்டும் என்பது சட்டம். என் கை சின்னது என்பதால் எனக்கு ஒன்றரைப் பிடி என்று அண்ணன் சட்டத்தைத் திருத்தப் பார்த்தான், செல்லவில்லை. அப்பா லைனில் இருக்கும் நாட்களில் அவர் பங்கை ஆயா போடுவாள். போடும்போது, "இது லைன்ல இருக்கறவன் பிடி" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் போடுவாள். அப்படி எடுத்த அரிசிக்கு அன்றைக்குச் சோறு குறையும். குறைய வேண்டும் என்பதுதான் ஆயாவின் கணக்கு. தனியாக ஐந்து கிலோ வாங்கி டின்னில் கொட்டிவிடலாமே என்று அப்பா ஒருமுறை கேட்டதற்கு, ஆயா அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இந்தப் பிடியரிசி எங்கள் ஆட்களின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். அடுத்த குவார்ட்டர்ஸ் மாமி காஞ்சிபுரத்துக்காரர். ஒருநாள் டின்னைப் பார்த்துவிட்டு, "எங்க பெரியவாளும் இதைத்தானே செய்யச் சொன்னா" என்றார். காஞ்சி மகா பெரியவர் வீட்டுக்கு வீடு பிடியரிசித் திட்டம் நடத்தச் சொன்னதை அப்போதுதான் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு மாமியும் வேலிப்பக்கம் வந்து, மடித்த தாளில் தன் பிடியைக் கொடுத்துவிட்டுப் போவார். டின்னில் ஆறாவது கை.

மாமிக்குப் பலகாரம் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேக்கில் முட்டை. அச்சு முறுக்கு மாவிலும் முட்டை. அதனால் அச்சு முறுக்கு சுடுகிற அன்று புது எண்ணெய் ஊற்றி, முட்டை சேர்க்காத மாவில் மாமி வீட்டுப் பங்கை முதலில் எடுத்துவிட்டுத்தான் எங்களுடையதைத் தொடுவார்கள். முட்டையில்லாத மாவு அச்சை விட்டுச் சுலபத்தில் கழலாது. அச்சைக் கொதிக்கிற எண்ணெயில் நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு முக்கால் உயரத்துக்கு மட்டும் மாவில் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் போச்சு, பூ அச்சோடு ஒட்டிக்கொண்டு கருகும். சரியாக முக்கினால் "சொய்" என்று ஒரு சத்தம், அப்புறம் லேசாக ஓர் உதறல், பூ தனியாக எண்ணெயில் மிதக்கும். மாமி வீட்டுக்கு இருபது தேறுவதற்குள் எங்களுக்குப் பத்து உடைசல் தின்னக் கிடைத்துவிடும். நாங்கள் அச்சு முறுக்கு என்று சொன்னதை, லோகோ டிரைவர் வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ரோஸ் குக்கீ என்பார். எங்கள் கலகலா அவருக்குக் கல்கல். அவர் வீட்டு பிளம் கேக்கின் வாசனை தெருமுனை வரை வரும். அந்தப் பழங்கள் எதில் ஊறின என்று ஆயா விசாரித்ததே இல்லை. ஒரு துண்டு கூடவே எடுத்துக்கொள்வாள்.

குடில் கட்டுவது அண்ணனும் நானும். அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி முதல் குடில் போட்டார் என்று ஞானோபதேச வகுப்பில் சொன்னார்கள். எங்களிடம் இருந்தது களிமண் மாடு. அதுவும் காலொடிந்தது. அப்பா மூங்கில் சிம்பை வைத்து, மைதாப் பசை தடவிய துணியைச் சுற்றிக் கட்டுப்போட்டு, "புத்தூர் கட்டு, இனி பயமில்லை" என்றார். ரேணிகுண்டா லைனில் தினமும் புத்தூரைக் கடந்து போகிறவர் ஆயிற்றே. அதற்கப்புறம் வந்த அத்தனை வருஷமும் அந்த மாடு கட்டோடுதான் குழந்தை இயேசுவைப் பார்த்துக்கொண்டு நின்றது. குடில் பார்க்க வருகிற பிள்ளைகள் எல்லாம் முதலில் மாட்டைத்தான் விசாரிப்பார்கள். வாசலில் மூங்கில் நட்சத்திரம். பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்போம். மார்கழிப் பனியில் கண்ணாடித் தாள் நமுத்துத் தொங்கும். மழை வந்தால் மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு டிசம்பரில் மூன்று முறை ஒட்டியிருக்கிறோம்.

துணி தைப்பது பஜாரில் பாய் கடை. ஒரு மாதம் முன்னால் கொடுத்தாலும் 24-ஆம் தேதி சாயந்திரம் போய் நின்றால், "காஜா மட்டும்தான் பாக்கி" என்பார். அது பண்டிகையின் ஒரு சடங்கு மாதிரி.

டின் நிறைந்ததும் அரிசி எங்கே போகும் என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். எனக்குப் பத்து வயதான வருஷம்தான் ஆயா என்னைக் கூட்டிப்போனாள். விடிகாலை நாலரை மணி, யார்டில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, ஷன்டிங் என்ஜின் ஒன்று வேகன்களை இடித்து இடித்துக் கோத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் பையில் அரிசி, ஒரு சேலை, பத்து அதிரசம். லைனுக்கு அந்தப்புறம், தட்டியடைத்த ஒரு வீடு. புருஷன் கேங்மேனாக இருந்து செத்துப்போனவர் என்று மட்டும் தெரியும். "விடிஞ்சப்புறம் போனா நாலு பேர் பாப்பாங்க. அவ கையேந்தறவ இல்ல" என்றாள் ஆயா. அந்த அம்மா கதவைத் திறந்தார். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அரிசியைத் தன் முறத்தில் கொட்டிவிட்டுப் பையோடு பின்பக்கம் போனவர், ரொம்ப நேரம் வரவில்லை. எனக்குக் குளிர் தாங்கவில்லை. போகலாம் என்று ஆயாவின் சேலையை இழுத்தேன். அவள் நகரவில்லை. திரும்பி வந்தபோது பையில் முருங்கைக்கீரை இருந்தது. இருட்டில் தடவித் தடவி ஒடித்திருக்கிறார்; பனி ஈரம் சொட்டியது. "பையை வெறுமனே அனுப்பறதா" என்றார். ஆயா, "போதும்மே" என்று வாங்கிக்கொண்டாள்.

வழியில் கேட்டேன். அவங்க வீட்டிலேயே ஒன்றும் இல்லையே, எதற்குக் கீரையை வாங்கினாய்? ஆயா தண்டவாளத்தைத் தாண்டி முடிக்கும் வரை பதில் சொல்லவில்லை. இந்தப்பக்கம் வந்து, "வாங்கலைன்னா அடுத்த வருஷம் கதவைத் திறக்கமாட்டா" என்றாள். அன்று மத்தியானம் ஒருசந்திச் சோற்றுக்கு அந்தக் கீரைதான்.

நள்ளிரவுப் பூசை கோயிலுக்குள் கொள்ளாமல் வெளியேயும் கூட்டம் நிற்கும். வானவர் கீதம் தொடங்கும்போது மணிகள் எல்லாம் சேர்ந்து அடிக்க, குடிலின் திரை விலகும். அந்த நேரம் பார்த்து மெயின் லைனில் ஏதாவது ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். அம்மா என் தோளை லேசாக அழுத்துவாள். அது அப்பாவின் வண்டியாக இருக்க வாய்ப்பில்லை. அந்நேரம் அவர் ஜோலார்பேட்டை ரன்னிங் ரூமில் படுத்திருக்கலாம், இல்லை ஏதோ ஒரு லூப் லைனில் சிக்னலுக்காகக் காத்திருக்கலாம். ஆனாலும் ஹாரன் கேட்டால் அவள் அழுத்துவாள். குழந்தை சொரூபத்தை முத்தி செய்ய வரிசையில் போகும்போது ஆயா இரண்டு முறை முத்தி செய்வாள். ஏனென்று கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் பகலில் அப்பா வந்து சேர்வார். சீரகச்சம்பா பிரியாணி ஆறிப்போயிருக்கும், சாப்பிட்டுவிட்டு நட்சத்திரத்துக்குக் கீழே பாயை விரித்துத் தூங்கிவிடுவார். புதுச்சட்டையை அவர் போட்டுப் பார்ப்பது பெரும்பாலும் 26-ஆம் தேதிதான்.

ஆனால் எங்கள் ஊரில் பண்டிகை அதோடு முடிவதில்லை. டிசம்பர் 31 அன்று ஸ்டேஷனே வேறு மாதிரி ஆகிவிடும். மெட்ராஸிலிருந்து வருகிற வண்டிகளில் ஜால்ராவும் ஆர்மோனியமுமாகத் திருப்புகழ்ச் சபைகள் இறங்கும், ஏறும். பதினாலு கிலோமீட்டர் தள்ளித் திருத்தணி. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை ஆந்திரத்தில் இருந்த ஊர். அங்கே மலைக்கு 365 படி. வருஷப் பிறப்புக்கு வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் போய்க் கைகட்டி நின்றவர்களை, தணிகைத் துரையைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்பார்கள். அவர் தொடங்கி வைத்த படித்திருவிழா அன்று ராத்திரி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம், கற்பூரம், ஒரு பாட்டு.

அப்பா பாசஞ்சர் கார்டு ஆன பிறகு, அநேகமாக எல்லா 31-ஆம் தேதியும் ரேணிகுண்டா லைன்தான் வாய்த்தது. நாங்கள் கோயிலில் நன்றிப் பூசையில் இருப்போம். சரியாகப் பன்னிரண்டுக்கு யார்டில் நிற்கிற என்ஜின்கள் எல்லாம் ஒன்றாகக் கூவும். உபதேசியார் மணியை எவ்வளவு வேகமாக அடித்தாலும் அதற்கு முன்னால் கேட்காது. அப்பா அந்த நேரம், காவடியும் பஜனையும் நிரம்பிய வண்டியின் கடைசிப் பெட்டியில் பச்சை விளக்கை ஆட்டிக்கொண்டிருப்பார்.

விடிந்து வந்து லைன் பெட்டியைத் திறப்பார். போகும்போது ஆயா அதில் வைத்தனுப்பியது ஒரு தூக்கு நிறைய கலகலா. வண்டியில் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்திருப்பார். அந்தத் தூக்கில் இப்போது பஞ்சாமிர்தம் இருக்கும். கொடிகளுக்கு நடுவே, ஜெபமாலைக்குப் பக்கத்தில், காகிதத்தில் மடித்த விபூதி. யாரோ ஒரு பஜனைக்காரர் இறங்கும்போது கொடுத்ததாம். பஞ்சாமிர்தத்தை அண்ணனும் நானும் ஒரு வழி பண்ணிவிடுவோம். விபூதிப் பொட்டலத்தை ஆயா கையில் எடுத்து, பிரியாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பாள். பிறகு, மாமி வீட்டிலிருந்து பொங்கலோடு வந்திருந்த, கழுவிக் கவிழ்த்து வைத்த வெண்கலத் தட்டை நிமிர்த்தி, அதன் நடுவில் பொட்டலத்தை வைத்து என்னிடம் நீட்டுவாள்.

"மாமிகிட்ட குடு. பாவம், மாமியாருக்கு முடியலன்னு இந்த வருஷமும் மலைக்குப் போகல அது."